ரேடியோவுக்குப் பச்சை

ரீடிங் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பியூனிலிருந்து ஹெட்மாஸ்டர் வரைக்கும் அதை ருசி பார்க்காதவர் யாரும் கிடையாது. பிள்ளைகளிடம் மட்டும் அது செல்லாது. ஒரே சொல்லில் ஒரு பிள்ளை காலைப் பொழுது முழுக்கத் தடுக்கி விழுந்தாலும், "பரவால்ல, மறுபடி ஆரம்பி" என்று குரல் ஏறாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படி அடக்கி வைத்ததெல்லாம் கையில் இருக்கும் பென்சிலுக்குப் போகும். அவள் மேஜை டிராயரில் முழுப் பென்சில் ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அவளுடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இங்கிலீஷ் வாடையே இல்லாத பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கே கணக்கிலிருந்து அறிவியல் வரை எல்லாப் புத்தகமும் இங்கிலீஷில். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிற பிள்ளைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்துவந்து, வாசிக்கக் கற்றுக்கொடுத்து, தேறியதும் திருப்பி அனுப்ப வேண்டும். காலையில் இந்தப் பள்ளி. சாப்பாட்டு மணி அடித்ததும் பஸ் பிடித்து ஓடி, மதியம் இன்னொரு பள்ளி. டிபன் டப்பாவை நிம்மதியாக ஒரு இடத்தில் உட்கார்ந்து திறந்து பல வருஷம் ஆகிறது.

அவளுக்கென்று கொடுத்த அறை பழைய விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப் போன பந்துகளும் கிழிந்த வலையும் ஒரு மூலையில் இன்னமும் கிடக்கின்றன. வெயில் ஏற ஏற ரப்பர் வாடை தலையைச் சுற்றும். வெளிச் சுவரை ஒட்டித்தான் பி.டி. மாஸ்டர் நின்று விசில் ஊதுவார். "சார், கொஞ்சம் தள்ளி நின்னு ஊதக்கூடாதா? உள்ள 'ஷ்'ங்கிற சத்தத்தச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்" என்று கேட்டால், "நிழல் இங்கதானே மேடம் இருக்கு" என்பார். கதவில் 'வாசிப்பு உதவி அறை' என்று அட்டை தொங்கியது. பிள்ளைகள் வைத்த பெயர் மக்கு ரூம். அந்தப் பெயருக்கு அட்டை தேவைப்படவில்லை.

எந்தப் பிள்ளை அறைக்குள் வர வேண்டும், எந்தப் பிள்ளை வெளியே போக வேண்டும் என்பதை ஒரு ஸ்டாப்வாட்ச் தீர்மானிக்கும். மேலிடத்தில் யாரோ குளுகுளு அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்த முறை அது. பிள்ளை கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறதோ அதை வைத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுப்பார்கள். பச்சை என்றால் வாசிக்கத் தெரிந்துவிட்டது, அறையை விட்டுப் போகலாம். வாசித்தது விளங்கியதா என்று கேட்க அதில் இடமே கிடையாது. இதைப் பற்றி டீச்சர் ஒவ்வொரு பயிற்சிக் கூட்டத்திலும் கரடியாய்க் கத்தினாள். "நல்ல பாயிண்ட் மேடம்" என்று சொல்லிவிட்டு டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ரேடியோ இந்த அறைக்கு வந்து இரண்டாவது வருஷம். பத்து வயசுப் பெண். ரேடியோ என்பது கூடப் படிக்கும் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். வைத்ததில் தப்பே இல்லை. எழுத்துக்கு என்ன ஒலி, இரண்டு எழுத்து சேர்ந்தால் என்ன ஒலி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்ததைச் சிலேட்டில் விழுந்த தண்ணீர் மாதிரி வழியவிடாமல், அப்படியே பிடித்து வைத்துக்கொண்டாள். முதலில் வந்தபோது தன் பெயரைக்கூட இங்கிலீஷில் அடையாளம் தெரியாது. இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள். சோப்பு உறை, பஸ் போர்டு, தீயணைப்பு சிலிண்டரின் மேல் இருக்கும் பொடி எழுத்து எதையும் விடுவதில்லை. குரல் கணீரென்று இருக்கும். முற்றுப்புள்ளி வந்தால் நின்று மூச்சு வாங்குவாள், கேள்விக்குறி வந்தால் கடைசியில் ஒரு தூக்குத் தூக்குவாள். கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். டீச்சரும்தான். தன் வாழ்நாளில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

பாடப் புத்தகத்தில் ஒரு நாய்க்குட்டிக் கதை வரும் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். மழையில் தொலைந்துபோன குட்டி, தேடி அலையும் பையன், கடைசியில் பாலத்தடியில் அது செத்துக் கிடக்கிறது. ரேடியோ அதை முகம் மலர ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்துவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தாள்.

"நாய்க்குட்டிக்கு என்னம்மா ஆச்சு?" என்று டீச்சர் வீட்டு மொழியிலேயே கேட்டாள்.

ரேடியோ ஒரு வினாடி யோசித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"வாசிக்க வேணாம். கதையில என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

மறுபடி முதல் வரி. இந்தத் தடவை இன்னும் வேகமாக. வேகம் போதவில்லை, அதனால்தான் டீச்சர் திருப்தியில்லாமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டது அந்தப் பிள்ளை. டீச்சர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நாய் எது, மழை எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். பத்துச் சொல்லில் ஒன்றுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் வெறும் சத்தம். அர்த்தம் என்று ஒன்று உள்ளே இருக்கும் என்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. வாசிப்பது என்றால் எழுத்தைப் பார்த்துச் சத்தம் போடுவது, அதைப் பிழையில்லாமல் வேகமாகச் செய்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஸ்டாப்வாட்ச்சும் கைதட்டலுமாகச் சேர்ந்து இதைத்தானே கற்றுக்கொடுத்திருக்கின்றன என்று நினைத்தபோது கையிலிருந்த பென்சில் இரண்டானது.

அன்றிலிருந்து பாடத்தை மாற்றினாள். ஒரு வரி, படம், பொருள், பேச்சு, பிறகுதான் அடுத்த வரி. ரேடியோவுக்கு அது பிடிக்கவில்லை. ஓடப் பழகின பிள்ளையை நட என்றால் எப்படிப் பிடிக்கும்? ஆனாலும் மெல்ல மெல்ல ஏதோ இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பருவத் தேர்வு வந்து தொலைந்தது. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாள். ரேடியோ பொரிந்து தள்ளிவிட்டாள். பச்சை என்றால் சாதாரணப் பச்சை இல்லை, பள்ளிக்கூடத்திலேயே அதிகம்.

ஹெட்மாஸ்டர் துள்ளிக் குதித்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட வரப்போகிறார்கள், பச்சை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. டீச்சர், "இவளை இன்னும் ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க சார்" என்றாள்.

"எதுக்கு மேடம்? நம்ம ஸ்கூல்லயே நல்லா வாசிக்கிற பொண்ணு."

"வாசிக்கிறா சார். ஒண்ணும் புரியல."

"புரியுறதெல்லாம் கிளாஸ்ல போகப் போகப் புரியும்."

போகப் போக என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியும். போன வருஷம் பச்சை வாங்கிப் போன ஒரு பையனை இப்போதும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வித்தாளில் இருக்கும் கேள்வியையே அழகான கையெழுத்தில் விடையாக எழுதி வைக்கிறான். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் யார் அவனைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள்? சத்தம் போடாமல் எழுதுகிறான் என்று அவனுக்கு நல்ல பிள்ளைப் பட்டம் வேறு. ரேடியோவும் அந்த பெஞ்சுக்குத்தான் போவாள். இந்த அறையை விட்டால் அவளிடம் 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேட்க இந்தக் கட்டடத்தில் ஆளே கிடையாது.

விதியில் ஒரு சந்து இருந்தது. பச்சை வாங்கிய பிள்ளையைப் பெற்றவர்கள் சம்மதித்தால் மேலும் ஒரு வருஷம் அறையில் வைத்துக்கொள்ளலாம். டீச்சர் அந்தச் சந்துக்குள் தலையை விட்டாள்.

ரேடியோவின் அம்மா துணிக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தவளைப் பள்ளி கேட்டருகே நிறுத்தி டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எம்பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணா? பக்கத்து வீட்டுப் பிள்ளை தினம் 'மக்கு ரூம் மக்கு ரூம்'னு கேலி பண்ணி, இவ சாப்பிடாமப் படுக்குறா. இப்பத்தான் பச்சை வந்துச்சுன்னு சந்தோஷமா இருக்கோம். அதையும் கெடுக்கணுமா?"

"கெடுக்கலம்மா. அவளுக்குப் படிக்கிறது புரியல…"

"புரியலன்னா எப்படிங்க வாசிப்பா? எனக்குப் புரியல, நான் வாசிக்கறதில்ல. சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. தெருவே உக்காந்து கேக்குது."

இதற்குப் பதில் டீச்சரிடம் நிறைய இருந்தது. கேட்டருகே நின்று சொல்லக்கூடியதாக ஒன்றும் இல்லை. "ஒரு தடவை ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வாங்க, நேர்ல காட்டறேன்" என்று மட்டும் கெஞ்சினாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே, "வரேன், வராம என்ன" என்றாள்.

எதைக் காட்டுவது என்று அப்போது டீச்சருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து காய் நறுக்குகிறேன் என்று பலகையைக் கொத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை அவள் வீட்டுக்காரருக்கு. அவர் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். முக்கால்வாசி அவர் ஏற்கெனவே கேட்டதுதான்.

"அவங்கம்மாவே சந்தோஷமா இருக்காங்க. உனக்கென்ன?"

"கையில கத்தி இருக்கறப்ப எங்கிட்ட இப்படிக் கேக்காதீங்க."

அவர் இரண்டடி பின்வாங்கிவிட்டுச் சொன்னார். "எங்க கடைக்கும் இப்படி ஆளுங்க வருவாங்க. கண்ணாடி போட வச்சுடக் கூடாதேன்னு சுவத்துல இருக்கற எழுத்தையெல்லாம் முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பாங்க. நான் சண்டை போடுறதில்ல. கடிகாரத்தப் பாத்து மணி சொல்லுங்கன்னு கேப்பேன். அப்ப தெரிஞ்சுடும்."

டீச்சர் கத்தியை நிறுத்தினாள். அவரை அப்படி ஒரு பாராட்டுப் பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான். அவர் கொஞ்சம் பயந்துகூடப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஹெட்மாஸ்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள். அந்த அம்மா நாற்காலி நுனியில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு ரேடியோ. வெளியே பி.டி. மாஸ்டரின் விசிலும் பிள்ளைகளின் கூச்சலும் திறந்த கதவு வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தன. டீச்சர் ஒரு தாளில் மூன்று வரி எழுதினாள். எழுந்து நில். கதவைச் சாத்து. மேஜையில் இருக்கும் மணியை அடி. எல்லாம் இங்கிலீஷில், சின்னச் சின்னச் சொற்களில். ஹெட்மாஸ்டருக்கு எட்டிக் காட்டினாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல என்ன இருக்கோ அப்படியே செய்மா" என்று டீச்சர் தாளை ரேடியோவிடம் நீட்டினாள்.

ரேடியோ தாளை இரண்டு கையாலும் பிடித்தாள். முதுகை நிமிர்த்தினாள்.

"ஸ்டாண்ட் அப். க்ளோஸ் த டோர். ரிங் த பெல் ஆன் த டேபிள்."

கணீரென்ற குரல். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் சரியாக ஒரு மூச்சு. வாசித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். கதவு திறந்தே கிடந்தது.

போதும் என்று டீச்சர் நினைத்தாள். இதைவிட வெட்ட வெளிச்சமாக எப்படிக் காட்டுவது? ஜெயித்துவிட்ட தைரியத்தில் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா? இப்ப எழுதிக் குடுத்தது. புதுசு. எப்படி வாசிச்சா பாத்தீங்களா?" என்று ஹெட்மாஸ்டரிடம் தழுதழுத்தாள்.

டீச்சருக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த பரீட்சை. அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது மட்டும் யோசனையில் வரவில்லை. நாளெல்லாம் இங்கிலீஷ் தெரியாத வீட்டுப் பிள்ளைகளோடு குப்பை கொட்டுகிறவளுக்கு அந்த வீடு மறந்துபோயிருக்கிறது. அறையில் இரண்டு பேருக்குத்தான் அந்தத் தாளில் இருப்பது தெரியும். அதில் ஒருவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களாவது சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

"உச்சரிப்பு ரொம்ப சுத்தம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அம்மாவிடம் குனிந்தாள். "அம்மா, அதுல எழுந்து நிக்கச் சொல்லியிருக்கு. கதவச் சாத்திட்டு, அந்த மணிய அடிக்கச் சொல்லியிருக்கு. அவ வாசிச்சா. ஆனா செய்யல பாருங்க. என்ன சொல்லியிருக்குன்னு அவளுக்குத் தெரியல."

அந்த அம்மா கதவைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். முகம் லேசாக மாறியது. ஒரு வினாடிக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் டீச்சர் இன்றைக்கும் நம்புகிறாள். பெற்றவளுக்குப் புரியாமல் இருக்குமா? ரேடியோவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தது. தப்பு எங்கே என்று தெரியாமல் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தானோ என்னவோ, அம்மா குரலை உயர்த்தினாள்.

"அவ்வளவுதானே? எந்திரிடி. போய்க் கதவச் சாத்து. அந்த மணிய அடி."

ரேடியோ துள்ளி எழுந்தாள். கதவைச் சாத்தினாள். மேஜை மணியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சாத்திய கதவைத் திறந்துகொண்டு பியூன், "சார்?" என்று வந்து நின்றான்.

"செஞ்சுட்டா" என்றாள் அம்மா. "வேற என்ன செய்யணும்?"

ஹெட்மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கூட்டம் முடிந்தது. கம்ப்யூட்டரில் பச்சை என்று ஏற்றியாயிற்று. இனி கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்றார். "நீங்க சொல்லிக் குடுத்த பிள்ளை மேடம், பெருமைப்படுங்க" என்று ஒரு வார்த்தை வேறு. டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மணியை எடுத்து அவர் மேலேயே எறிந்திருப்பாள். பிள்ளை பக்கத்தில் நின்றதால் அவர் தப்பித்தார். அம்மா ஷிப்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று டீச்சரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அறையில் இருந்த பென்சில் டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொள்ள ரேடியோ டீச்சரோடு வந்தாள். டீச்சர் டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினாள். தோற்றது அவளுக்கு வலிக்கவில்லை. அவள் தோற்பது புதுசா என்ன? பச்சை என்று முத்திரை குத்தி அந்தக் கடைசி பெஞ்சுக்கு ஒரு பிள்ளையை அவள் கையாலேயே அனுப்பிவைப்பதுதான் வலித்தது. சாமான்களை எடுத்துக்கொண்ட பிறகும் ரேடியோ போகவில்லை. அந்தத் தாள் இன்னும் அவள் கையில் இருந்தது.

"டீச்சர், இதுல கதவு எது?"

டீச்சர் நிமிர்ந்தாள். "என்ன கேட்ட?"

"கதவச் சாத்தச் சொல்லியிருக்குன்னு சொன்னீங்களே. கதவு எங்க இருக்கு இதுல?"

டீச்சர் விரல் வைத்துக் காட்டினாள். ரேடியோ அந்தச் சொல்லைப் பார்த்தாள். அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் சொல்லைப் பார்த்தாள். "டோர்" என்றாள், வாசிக்கிற குரலில் இல்லை, மெதுவாக, யாரையோ விசாரிப்பது மாதிரி.

"அப்ப மணி?"

"இது."

"அப்ப இந்தச் சின்னது? ரெண்டு தடவைக்கு மேல வருது."

சாப்பாட்டு மணி அடித்தது. டீச்சர் பழக்கத்தில் பையைத் தோளில் மாட்டினாள். பஸ் வந்துவிடும். மதியப் பள்ளியில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். "நாளைக்கு வா, மீதியச் சொல்றேன்" என்றாள்.

"நாளைக்கு இங்க வர முடியாதே டீச்சர்" என்றாள் ரேடியோ. "நான் இப்ப பச்சை."

டீச்சர் பையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "உக்காரு" என்றாள். தாளில் இன்னும் சில சொற்கள் மீதி இருந்தன. அடுத்த சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள். ரேடியோ சட்டென்று வாசித்துவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள். வெளியே பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.